முஸ்அப் விளக்கு மட்டும்

தினேஸ்வரி மின்சாரம் படித்தவள். சும்மா படித்தவள் இல்லை, மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் மல்லுக்கட்டி டிப்ளோமா வாங்கியவள். வாங்கி என்ன பிரயோசனம்? ஈப்போவில் ஒரு மின்சாமான் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளப் பிள்ள ஒயரத் தொட வேணாம் லா. கவுண்டர்ல உக்காரு, போதும்" என்றார். அப்படி உட்கார்ந்தவள் இரண்டரை வருஷம் எழுந்திருக்கவில்லை. பல்புப் பெட்டிகளைத் தூசி தட்டினாள். காத்தாடி வாங்க வருகிறவர்களிடம் மூன்று இறக்கையா ஐந்து இறக்கையா என்று விசாரித்தாள். எந்த ஒயரை எங்கே மாட்டுவது என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பையன்கள் ஏணியில் ஏறி வேலை செய்தார்கள். இறங்கி வந்ததும் அவளிடமே தேத்தண்ணி கேட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. ஈப்போவிலுள்ள ஓர் இளைஞர் அமைப்பு, தோட்டப்புறப் பிள்ளைகளுக்குச் சூரிய விளக்கு செய்யக் கற்றுக்கொடுக்க ஆள் தேடியது. முதலாளியிடம் மூச்சுவிடாமல் விண்ணப்பித்தாள். முதலில் அவளுடைய தோட்டத்திலேயே நடத்திக் காட்டச் சொன்னார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேர், ஆளுக்கொரு விளக்கு. ஆறாவது ஞாயிறு மாலை அலுவலகத்திலிருந்து சரளா மேடம் வருவார். பத்தில் எட்டு விளக்காவது அவர் கண் முன்னால் எரிய வேண்டும். எரிந்தால் தினேஸ்வரி முழுநேரப் பயிற்றுநர். அடுத்த வகுப்பு ஹுத்தான் மெலிந்தாங், அதற்கடுத்தது பாகான் செராய். எரியாவிட்டால் கவுண்டர், காத்தாடி, ஐந்து இறக்கை.

அவளுடைய தோட்டம் ஈப்போவுக்குப் பக்கம், செமோரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பேப்பரில் ரிவர்டன் எஸ்டேட், ஜனங்கள் வாயில் ஆத்துத் தோட்டம். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, செம்பனையிலும் பாதி போய் வீடமைப்பு வந்துவிட்டது. மிச்சமிருப்பது முப்பது வீடுகள், ஒரு முனீஸ்வரர் கோயில், அதை ஒட்டி ஒரு தகரக்கூரை மண்டபம். மெயின் ரோட்டிலிருந்து வீடுகளுக்கு வரும் மண் ரோட்டில் விளக்கே கிடையாது. தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் பள்ளம் பார்த்துப் பார்த்து நடப்பார்கள். பிள்ளைகள் செய்யும் பத்து விளக்கும் அந்த ரோட்டுக்குத்தான் என்று தோட்டமே முடிவு செய்துவிட்டது. தினேஸ்வரியை யாரும் கேட்கவில்லை.

ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேரும் தோட்டத்துப் பிள்ளைகள். அவள் மூக்கு ஒழுகத் திரிந்ததைப் பார்த்தவர்கள். டீச்சர் என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்? தினா, தினாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதிலும் விக்னேஸ்வரன் இருக்கிறானே, அவன் லாரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவன். அவன் வகுப்புக்கு வந்தது விளக்குக்காக இல்லை, மதியச் சாப்பாட்டுக்காக. அதை அவன் மறைக்கவும் இல்லை. முதல் நாளே கையைத் தூக்கி, "தினா, பிரியாணியா, சாதாவா?" என்று கேட்டான்.

சாப்பாடு முச்சந்தியில் கடை வைத்திருக்கும் குல்ஜார் பேகத்திடமிருந்து வந்தது. கொண்டு வந்தது அவர் மகன் முஸ்அப். இருபது வயது. பொட்டலங்களை இறக்கி வைத்தவன், மேசையில் கிடந்த ஒயர்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். போகவே இல்லை. கடையிலிருந்து அம்மா மூன்று தடவை போன் செய்தார். தினேஸ்வரிக்குப் பத்தாவது ஆள் கிடைத்தது இப்படித்தான்.

முதல் இரண்டு வாரம் ஒயர் உரிக்கவும் ஈயம் உருக்கிச் சோல்டர் வைக்கவும் போயின. ஏதாவது எரியாவிட்டால், எங்கே தப்பு என்று பார்த்து முடிக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். விளக்கின் கூடு பழைய மைலோ டின். உள்ளே பேட்டரியும் சின்ன எல்இடி பலகையும். அதிலிருந்து ஒரு நீள ஒயர் வெளியே போய், ஒரு புத்தகம் அளவிலான சோலார் பேனலில் சேரும். ஷர்மினியின் சோல்டர் மட்டும் மணி மணியாக நின்றது. மற்றவர்களுடையது எறும்புப் புற்று. விக்னேஸ்வரன் தன் சட்டையில் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டான்.

மூன்றாவது வாரம் அவள் பேனலைப் பற்றிப் பாடம் எடுத்தாள். பேனலை வெயிலில் வைத்து மீட்டரை மாட்டினாள். முள் விறைப்பாக எழுந்து நின்றது. பேனலின் குறுக்கே ஒரே ஒரு விரலை வைத்தாள். முள் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா? உள்ள இருக்கிற செல்லுங்க எல்லாம் கையக் கோத்துக்கிட்டு வரிசையா நிக்கிது. அதுல ஒருத்தன் உக்காந்தா, மொத்த வரிசையும் நின்னு போகும். ஒரு விரல் நிழல் போதும். ஒரு எல போதும். காக்கா எச்சம் போதும். பேனல் மேல எதுவும் இருக்கக் கூடாது. எதுவும்! புரிஞ்சுச்சா?"

"காக்காகிட்ட யாரு லா சொல்றது?" என்றான் விக்னேஸ்வரன். எல்லாரும் சிரித்தார்கள். இவனுக்கு ஒன்றும் ஏறாது என்று தினேஸ்வரி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஐந்து வாரத்தில் பத்து விளக்கும் முடிந்தன. பத்தும் எரிந்தன. ஆனால் மேடத்தின் பரீட்சைக்கு ஒரு விதி இருந்தது. முந்தின நாளே பேட்டரிகளைச் சுத்தமாகக் காலி செய்துவிட வேண்டும். பரீட்சை அன்றைக்கு அடிக்கிற வெயிலில் நிரம்பியதுதான் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டில் விளக்கை ஏற்றி, அது தானாக அணையும்வரை காவல் இருந்தார்கள்.

அந்த வாரம் பார்த்து ஈப்போ மழை பிடித்துக்கொண்டது. தினமும் மூன்று மணிக்கெல்லாம் கொட்டித் தீர்த்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோதும் சுண்ணாம்புக் குன்றுகள் ஒன்றையும் காணோம். அத்தனையையும் மேகம் மூடியிருந்தது. தினேஸ்வரி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். பசியாறக் கூப்பிட்டதற்கு அம்மா மீது எரிந்து விழுந்தாள்.

அவள் அம்மா மங்களம் எரிந்து விழுகிறவர்களைப் பொருட்படுத்துகிற ஆள் இல்லை. "நீ இப்புடி நடந்தா மேகம் கலஞ்சிருமா? முனியாண்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லு. புது மோட்டாருக்குப் பூச போடுறோம். புது ரைஸ் குக்கருக்குப் பொட்டு வைக்கிறோம். பத்து விளக்கு செஞ்சிருக்கீங்க, ஒரு சந்தனம் இல்ல, ஒரு குங்குமம் இல்ல. அப்புறம் மழ வராம என்ன செய்யும்?"

ஆத்துத் தோட்டத்தில் இதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அங்கே புதிதாக எது வந்தாலும் அதற்குச் சந்தனம் உண்டு. மங்களத்தின் வாஷிங் மெஷினில் மூன்று வருஷத்துப் பொட்டு இன்னும் இருக்கிறது. தினேஸ்வரி பாலிடெக்னிக்குக்குப் போன முதல் நாள் அவள் கால்குலேட்டருக்கே குங்குமம் வைத்து அனுப்பினார்கள். பயத்தில் இருக்கிறவளுக்கு வேறு யோசனை எப்படி வரும்? சரி என்றாள். சரி என்றதோடு விட்டாளா? பூசாரி ராமையா மாமாவை அவளே ஓடிப் போய்க் கூட்டி வந்தாள்.

ராமையா வாரத்தில் ஆறு நாள் ஒரு கிடங்கில் காவலாளி, ஞாயிறு மட்டும் பூசாரி. இரண்டு வேலையையும் ஒரே விறைப்போடு செய்கிறவர். கோயில் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் பத்துப் பேனலையும் வரிசையாக அடுக்கச் சொன்னார். தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார், சந்தனக் கிண்ணத்தை தினேஸ்வரி கையில் கொடுத்தார். "நீதான் வாத்தியாரம்மா. உன் கையால வை."

அவள் வைத்தாள். நன்றாகக் குழைத்த கெட்டிச் சந்தனம். பேனலுக்குப் பேனல் மூன்று விரலாலும் ஒரு இழுப்பு, நடுவில் பெரிய பொட்டு, அதன்மேல் குங்குமம். அம்மா பின்னாலேயே வந்து பேனலுக்கொரு துண்டு செவ்வந்திச் சரத்தைச் சார்த்திக்கொண்டே போனார். வேண்டுதல் பலமாக இருந்ததால் சந்தனமும் தாராளமாக விழுந்தது.

ஏழாவது பேனலுக்கு வந்தபோது ராமையா கையை நீட்டித் தடுத்தார். "இது நம்ம முஸ்அப்போடது. வேணாம்."

"எனக்கு மட்டும் ஏன் மாமா இல்ல?" என்றான் முஸ்அப். அவன் முகம் வாடிவிட்டது. "சும்மா வைங்க மாமா. எல்லாருக்கும் வச்சிட்டு எனக்கு மட்டும் விட்டுட்டா எப்புடி? என்னோடது மட்டும் எரியலன்னா?"

"எரியும் எரியும். நான் பொட்டு வச்சேன்னு தெரிஞ்சா உங்கம்மா நாளைக்கு எனக்கு ரொட்டி போட மாட்டாங்க. நீ உங்க முறையில ஒரு துவா கேட்டுக்க, போ."

முஸ்அப் ஓரமாகப் போய் நின்று, கையை ஏந்தி, முணுமுணுத்துவிட்டு வந்தான். எட்டாவது பேனலிலிருந்து சந்தனம் தொடர்ந்தது.

ஒன்பது மணிக்கு மேகம் விலகியது. பத்து மணிக்கு வெயில் அடித்தது பாருங்கள், தகரக்கூரை டப் டப்பென்று வெடித்தது. தெருநாய் நிழல் தேடி மண்டபத்துக்குள் வந்து படுத்தது. மூன்று மணிக்கு மழை இல்லை. நான்கு மணிக்கும் இல்லை. "பாத்தியா! பாத்தியா!" என்று ராமையா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வானத்தைக் காட்டினார். விளக்கு ஏற்றும்வரை பூசை போட்ட பேனலை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டோடு அவரே பகல் முழுக்கக் காவல் இருந்தார். கோழி ஒன்று கிட்டே வந்தது. அதையும் விரட்டினார்.

சரளா மேடம் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னதாக வந்து, ஓட்டி வந்த காடிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, சரியாக ஏழே முக்காலுக்கு இறங்குகிற ரகம். ஐம்பது வயது, கையில் நிரப்ப வேண்டிய அச்சடித்த பாரம், காதில் ஒரு பேனா. பேனல்களை முற்றத்திலேயே விட்டுவிட்டு, டின்களை மட்டும் கொண்டு வந்து மண்டபத்து நீள மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். முப்பது வீட்டு ஜனமும் சன்னலில் தொங்கியது. மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

முதல் விளக்கு ஷர்மினியுடையது. வகுப்பிலேயே அழகான விளக்கு. சுவிட்சைத் தட்டினாள். ஊதுபத்தி நுனி மாதிரி ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. வந்தது போய்விட்டது. அவள் மறுபடி தட்டினாள். ஒன்றுமில்லை.

இரண்டாவது எரியவில்லை. மூன்றாவது எரியவில்லை. விக்னேஸ்வரனுடையது நான்காவது. அவன் தட்டினான், குலுக்கினான், டின்னைக் கவிழ்த்துப் பார்த்தான். "அலாமாக்" என்று தலையில் கை வைத்தான். ஐந்து, ஆறு, அதுவும் அப்படியே. இருட்டுக்குள் மேடம் கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் குறிப்பது தினேஸ்வரிக்குத் தெரிந்தது.

ஏழாவது முஸ்அப். பயந்து பயந்து தட்டினான். பளீரென்று எரிந்தது! கல்யாண வீடு மாதிரி மண்டபத்தின் அந்தக் கோடிவரை வெளிச்சம். சன்னலில் இருந்தவர்கள் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். முஸ்அப்பே ஓரடி பின்வாங்கினான்.

எட்டு, ஒன்பது, பத்து. ஒன்றும் எரியவில்லை.

மெயின் சுவிட்சைப் போட்டார்கள். எல்லார் கண்ணும் முஸ்அப் மேல்தான் இருந்தது.

"டேய், நேத்து பேட்டரியக் காலி பண்ணுனியா இல்லியா?" என்று எவனோ ஆரம்பித்தான்.

"பண்ணுனேன் லா! அல்லா மேல சத்தியமா! கடையிலதான் வச்சு எரிய விட்டேன். அம்மாகிட்ட கேளுங்க."

"அப்ப உன்னோடது மட்டும் எப்புடி எரியிது?"

"எனக்கு எப்புடித் தெரியும்?" முஸ்அப்புக்குக் குரல் உடைந்தது. மேடமும் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அவனையே பார்த்தார். "தம்பி, உண்மையச் சொல்லுங்க. நேத்தே சார்ஜ் வச்சிருந்தா அதைக் கணக்குல சேர்க்க முடியாது."

விக்னேஸ்வரன்தான் குறுக்கே வந்தான். "இருங்க மேடம். அவன் பொய் சொல்ல மாட்டான். எரியிறது ஒண்ணு, எரியாதது ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்." மேடம் தலையாட்டியதும் முஸ்அப்பின் டின்னையும் தன் டின்னையும் திறந்தான். பத்துத் தலைகள் ஒன்றாகக் குனிந்தன. சோல்டர் ஒன்றுதான். ஒயர் ஒன்றுதான். மீட்டரை வைத்தார்கள். முஸ்அப்பின் பேட்டரி நிறைந்திருந்தது, விக்னேஸ்வரனுடையது காலி. மற்ற எட்டும் காலி.

"லைட்டுல தப்பு இல்ல" என்றாள் ஷர்மினி. "சார்ஜே ஏறல."

தினேஸ்வரி இதற்கெல்லாம் கிட்டே போகவில்லை. தூணோரம் நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று விரல் நகத்திலும் மஞ்சள் நிறத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. மூன்றாவது வாரம். ஒரு விரல் நிழல் போதும். எதுவும் இருக்கக் கூடாது, எதுவும்! சொன்னது யார்? அவள்தான். இன்றைக்கு வைத்தது யார்? அதுவும் அவள்தான்.

யாரும் கவனிக்காதபோது ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக முற்றத்துக்குப் போனாள். பத்துப் பேனலும் அப்படியே கிடந்தன. ஒன்பதில் சந்தனம் சிமெண்டுப் பூச்சு மாதிரி இறுகி, செவ்வந்தி வாடி அதன்மேல் ஒட்டியிருந்தது. ஏழாவது மட்டும் கண்ணாடியாய்ப் பளபளத்தது.

துடைத்துவிடலாம். இரண்டு நிமிஷ வேலை. பேட்டரி எல்லாம் மட்டம், சப்ளை செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லலாம். வேறு பேட்டரி வரும், இன்னொரு நாள் பரீட்சை வரும், இந்த மானக்கேடு யாருக்கும் தெரியாது. மின்சாரம் படித்தவள் பேனலுக்குப் பொட்டு வைத்தாள் என்று ஈப்போ முழுக்கச் சிரிக்காது. துணியோடு குனிந்துவிட்டாள். குனிந்தவளுக்கு முஸ்அப்பின் உடைந்த குரல் காதில் விழுந்தது. உள்ளே யாரோ மறுபடியும் அவனைத்தான் குடைந்துகொண்டிருந்தார்கள். பேட்டரி மட்டம் என்றால் அவனுடையது மட்டும் எப்படி நல்லது என்று கேட்பார்கள். அவன் கள்ளனாகத்தான் நிற்க வேண்டும்.

"தொடாத தினா."

விக்னேஸ்வரன் கையில் டார்ச்சோடு நின்றான். வெளிச்சத்தைப் பேனல்கள் மேல் அடித்தான். ஒரு நொடி வாயைப் பிளந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "எங்க தப்புன்னு பாத்து முடிக்கிறவரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

இவனுக்கு ஒன்றும் ஏறாது என்று நினைத்திருந்தாளே! அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. துணியைக் கீழே போட்டாள்.

"போய் மேடத்தக் கூட்டிட்டு வா" என்றாள். "எல்லாரையும் கூட்டிட்டு வா."

எல்லாரும் வந்தார்கள். ஜனம் பூராவும் வந்தது. தினேஸ்வரி யார் முகத்தையும் பார்க்காமல் பேசினாள். "முஸ்அப் மேல தப்பு இல்ல மேடம். அவனோடதுல மட்டும் சந்தனம் வைக்கல, அதான் எரிஞ்சிச்சு. மத்த ஒம்பதுக்கும் வச்சேன். நாந்தான் வச்சேன். பேனல் மேல எதுவும் இருக்கக் கூடாதுன்னு பாடம் நடத்துனதும் நாந்தான். விக்னேஸ்வரன் டார்ச் அடிச்சுக் கண்டுபிடிச்சிட்டான்."

ராமையா நெற்றியில் அடித்துக்கொண்டார். "சாமி வெயில அள்ளிக் குடுத்தாரு. நாமதான் கதவச் சாத்திட்டோம். அதுக்கு நான் நாள் பூரா காவல் வேற!"

மங்களம் மகளைப் பார்த்தார். "நீயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? படிச்சவ நீதானே?" என்று முணுமுணுத்தார்.

மேடத்தின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று பக்கத்தில் நின்ற ஷர்மினிக்குத் தெரிந்தது. ஆனால் குரல் பழைய குரலாகவே வந்தது. "பாவமாத்தான் இருக்கு. ஆனா நான் கண்ணால பாத்தது ஒரு வெளக்கு. பாரத்துல ஒண்ணுன்னுதான் எழுத முடியும். இப்ப வெயிலும் இல்ல."

முஸ்அப் இதுவரை ஓரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவன். "மேடம்" என்றான். "என் பேட்டரி நெறஞ்சிருக்கு. இன்னைக்கு வெயிலுதான். அத மத்தவங்களுக்குக் குடுக்கலாமா?"

மேடம் பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "குடுக்கக் கூடாதுன்னு இதுல இல்ல. ஆனா உங்க அக்கா வாயத் தொறக்கக் கூடாது. நீங்களே செய்யணும். தினேஸ்வரி, அந்த நாற்காலில உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். கவுண்டரில் உட்கார்ந்த இரண்டரை வருஷத்தைவிட அந்தக் கால் மணி நேரம் நீளமாக இருந்தது. பையன்கள் முற்றத்திலிருந்து பேனல் ஒயர்களைக் கழற்றி வந்தார்கள். விளக்குகளை ஒன்றோடொன்று கோக்க அதுதான் கைவசம் இருந்த ஒயர். விக்னேஸ்வரன் முதல் டின்னில் ஒயரைச் சொருகப் போனான். காலி பேட்டரி உள்ளேயே இருந்தது. தினேஸ்வரி எழுந்தேவிட்டாள். மேடம் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டாள், துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"நில்லு லா!" ஷர்மினி அவன் கையைத் தட்டிவிட்டாள். "காலி பேட்டரியெல்லாம் முதல்ல கழட்டு. இல்லாட்டி முஸ்அப்போட சார்ஜ அதுங்களே குடிச்சிரும்."

"ஆமா லா. சாலா, சாலா" என்று தப்பை ஒத்துக்கொண்டு அவன் கழற்றினான். ஒன்பது பேட்டரியும் மேசைக்குக் கீழே போயின. "செவப்பு செவப்போட, கறுப்பு கறுப்போட" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் அதையே முணுமுணுத்துக்கொண்டு கோத்தார்கள். ஒரு இடத்தில் சிவப்பு கறுப்போடு போகப் பார்த்தது. தினேஸ்வரியின் வாயில் துப்பட்டா நுனி நைந்தது. அதைப் பார்த்தவன் விக்னேஸ்வரன்தான். பார்த்து, பிடுங்கி, மாற்றிச் சொருகி, ஒவ்வொரு முனையையும் மீட்டரால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"ரெடி மேடம்."

மெயின் சுவிட்ச் மறுபடியும் அணைந்தது. முஸ்அப் தன் பேட்டரியை நடுவில் வைத்து, கடைசி ஒயரைச் சொருகினான்.

பத்தும் எரிந்தன. தனியாக எரிந்தபோது இருந்த பளீர் இல்லை. கொஞ்சம் அடங்கிய வெளிச்சம்தான். ஆனாலும் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பத்து மைலோ டின்னும் எரிந்தன. சன்னலில் தொங்கிய ஜனம் கத்திய கத்தலில் நாய் எழுந்து ஓடியது. ராமையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார் என்று தெரியவில்லை, முஸ்அப் நின்ற பக்கமாக இருந்தது.

மேடம் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார். அந்த வெளிச்சத்திலேயே பாரத்தை விரித்தார். "எட்டு வேணும். பத்து இருக்கு. இன்னைக்கு வெயில்ல ஏறுன சார்ஜ்தான். யாரு பேட்டரின்னு பாரத்துல கேக்கல" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார். "பயிற்றுநரைப் பத்தி ஒரு வரி எழுதணும்."

தினேஸ்வரி எழுந்து நின்றாள். சந்தனத்தைத்தான் எழுதப் போகிறார். எழுதட்டும் என்று நினைத்தாள்.

மேடம் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "'கோளாறு பயிற்றுநருடையது. அதைத் தேடிக் கண்டுபிடித்ததும் வழி செய்ததும் பிள்ளைகள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.'" பேனாவை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "சந்தனம் வச்சது மடத்தனம்மா, அத நான் ஈப்போவுக்குப் போயிச் சொல்லிச் சிரிக்கத்தான் போறேன். ஆனா ஆறே வாரத்துல வாத்தியார் தப்பையே கண்டுபிடிக்கிற பிள்ளைங்கள நான் பாத்ததில்ல. அடுத்த மாசம் முதல் ஞாயிறு ஹுத்தான் மெலிந்தாங் போயிருங்க."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தார். ஒரு பேட்டரி, பத்து வாய். எவ்வளவு நேரம்தான் தாங்கும்? விளக்குகள் மங்கின, சிவந்தன, பத்தும் ஒன்றாக அணைந்தன. மண்டபம் கும்மிருட்டானது.

"மேடம்," இருட்டுக்குள் விக்னேஸ்வரனின் குரல், "கையெழுத்து முடிஞ்சிருச்சா?"

"பாதிதான் போட்டேன்."

"நிறுத்தாதீங்க மேடம். மீதியக் குத்துமதிப்பாப் போட்டுருங்க."

காகிதத்தில் பேனா கீறும் சத்தம் தெளிவாகக் கேட்டது, ஒரு சுழி, ஓர் இழுப்பு, கடைசியில் ஒரு புள்ளி. தினேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்காமல் விட்டுவிட்டாள். மெயின் சுவிட்சைப் போட யாரும் அவசரப்படவில்லை.